ஒரே சுவிட்ச், படம் ரெடி: டிவிக்கு ஒரு தியேட்டர் பிசி

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பழையதை என்ன செய்வது? பரண் மேல் ஏற்றிவிடாதீர்கள். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால், சேர்த்து வைத்திருக்கும் படங்கள், பாடல்கள், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் பெரிய திரையில் காட்டும் ஹோம் தியேட்டர் பிசியாக அது மாறிவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. கம்ப்யூட்டரையே தொடாத பாட்டி கூட உங்கள் உதவியின்றி அதில் படம் பார்க்க வேண்டும். பாஸ்வேர்ட் கொடு, ஐகானைத் தேடு என்றால் இரண்டே நாளில் யாரும் அதைச் சீண்ட மாட்டார்கள். எனவே இணைப்பதைவிட, தானாக இயங்க வைப்பதில்தான் நம் வேலை அதிகம்.

எந்த சாஃப்ட்வேர்?

மைக்ரோசாஃப்ட் 2002-ல் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷனை வெளியிட்டது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மீடியா சென்டர் நீக்கப்பட்டது. இன்று பலரும் பயன்படுத்துவது 'கோடி' என்ற இலவச புரோகிராம். எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டிக்காக உருவாகி, எக்ஸ்பிஎம்சி என்று அழைக்கப்பட்டு, 2014-ல் இந்தப் பெயரைப் பெற்றது. இது படங்களைத் தராது. உங்களிடம் உள்ளவற்றை அழகாக அடுக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

இணைப்பது எப்படி?

ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும். படம், ஒலி இரண்டும் அதிலேயே செல்லும். படம் வந்து ஒலி வரவில்லையா? செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் சென்று அவுட்புட் பகுதியில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். திரையின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பிக்சர் மெனுவில் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கேன் போன்ற பெயரில் உள்ள வசதியை இயக்குங்கள்.

ஃபைல் பெயர் முக்கியம்

கோடி, ஃபைலின் பெயரைப் பார்த்துத்தான் இன்டர்நெட்டிலிருந்து போஸ்டரையும் கதைச் சுருக்கத்தையும் கொண்டு வரும். 'பில்லா' என்று மட்டும் கொடுத்தால் எந்தப் பில்லா என்று அதற்கு எப்படித் தெரியும்? பில்லா (1980), பில்லா (2007) என்று ஆங்கில எழுத்தில் வருடத்துடன் பெயரிடுங்கள். குடும்ப வீடியோக்களைத் தனி ஃபோல்டரில் போட்டு, அதைச் சேர்க்கும்போது உள்ளடக்கம் என்ற இடத்தில் 'நன்' என்று கொடுங்கள். இல்லையேல் உங்கள் கல்யாண வீடியோவுக்கு ஏதோ ஒரு சினிமா போஸ்டர் வந்து ஒட்டிக்கொள்ளலாம்!

தானாக இயங்க ஐந்து படிகள்

1. பயாஸ் செட்டிங்ஸில் பவர் பகுதியில் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பது போன்ற ஆப்ஷன் இருக்கும். அதை 'பவர் ஆன்' ஆக்குங்கள். சுவர் சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் தானே உயிர் பெறும்.

2. கம்ப்யூட்டரில் பாஸ்வேர்ட் இல்லாத லோக்கல் அக்கவுண்ட் ஒன்று மட்டும் இருக்கட்டும். விண்டோஸ் எதையும் கேட்காமல் டெஸ்க்டாப்புக்குச் செல்லும்.

3. விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, ரன் பாக்ஸில் 'ஷெல்:ஸ்டார்ட்அப்' என ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டரில் கோடியின் ஷார்ட்கட்டைப் போட்டுவிடுங்கள்.

4. கோடியின் செட்டிங்ஸில் மீடியா, லைப்ரரி சென்று 'அப்டேட் லைப்ரரி ஆன் ஸ்டார்ட்அப்' வசதியை இயக்குங்கள். புதிதாகச் சேர்த்த படங்கள் தானே பட்டியலில் வரும்.

5. விண்டோஸில் ஸ்லீப் என்பதை 'நெவர்' ஆக்குங்கள். கோடியில் சிஸ்டம், பவர் சேவிங் சென்று ஷட்டவுன் டைமரை 30 நிமிடமாக வைத்து, ஷட்டவுன் ஃபங்ஷனிலும் 'ஷட்டவுன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் பார்த்தபடியே தூங்கிவிட்டாலும், படம் முடிந்து அரை மணி கழித்து கம்ப்யூட்டர் முறையாக அணைந்துவிடும். அதன் பிறகே சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ரிமோட்டுக்கு என்ன வழி?

டிவி ரிமோட்டே போதும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அதற்குத் தேவையான சிஇசி வசதி பெரும்பாலான பிசி கிராஃபிக்ஸ் கார்டுகளில் இல்லை. யுஎஸ்பி ரிசீவருடன் வரும் ரிமோட் வாங்கலாம். அல்லது ஆண்ட்ராய்டு போனில் 'கோரே' ஆப்பைப் போட்டு, கோடியின் சர்வீசஸ், கன்ட்ரோல் பகுதியில் எச்டிடிபி வழி ரிமோட்டை அனுமதியுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

பாஸ்வேர்ட் இல்லாத கம்ப்யூட்டர் இது. வீட்டுக்கு வருபவர் எவரும் திறக்கலாம். எனவே பேங்க் வேலை, இமெயில் எதையும் இதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, பழைய ஹார்ட் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம். சினிமாவை மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம். மறைந்துபோன தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோவை எங்கே வாங்குவது? குடும்ப வீடியோக்களுக்கு வேறொரு டிஸ்கில் கட்டாயம் ஒரு காப்பி இருக்கட்டும். முதல் வேலையாக அதைச் செய்துவிட்டு, பிறகு கேபிளைக் கையில் எடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பாட்டியைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அவர் உங்களைக் கூப்பிடாமல் படம் பார்த்து முடித்தால், உங்கள் தியேட்டர் பாஸ்!