ஒகேனக்கல்லில் கன அடி, குழாயில் லிட்டர்

ஆடி பிறந்துவிட்டால் பென்னாகரம் டீக்கடைகளில் நலம் விசாரிக்கும் முன்பே நீர்வரத்தை விசாரிக்கிறார்கள். "எவ்வளவு வருதாம்ண்ணா?" "எட்டாயிரம்." எட்டாயிரம் என்னவென்று யாரும் கேட்பதில்லை. வினாடிக்கு இத்தனை கன அடி என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். பரிசல் ஓடுமா, அருவியில் குளிக்க விடுவார்களா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்ததுதான்.

அதே காவிரி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்க்குள் புகுந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. பொறியாளர்கள் எம்.எல்.டி. என்பார்கள், அதாவது, நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். ஊராட்சித் தொட்டியில் அது லிட்டர், வீட்டில் குடம். மேட்டூரில் போய்த் தேங்கினால் டி.எம்.சி. இத்தனை அளவுகளில் சொன்னால், நம் பங்குக்கு எவ்வளவு என்பது சாமானியனுக்கு எப்படிப் புரியும்?

போட்டுத்தான் பார்ப்போமே. ஒரு கன அடி 28.3 லிட்டர். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் நாள் முழுக்க ஓடினால் சுமார் 24.5 லட்சம் லிட்டர், ஏறக்குறைய இரண்டரை எம்.எல்.டி. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15 லட்சத்துச் சொச்சம். அத்தனை பேருக்கும் சேர்த்து 83 எம்.எல்.டி. வருகிறது. ஆற்றுக் கணக்கில் சொன்னால் வினாடிக்கு வெறும் 34 கன அடி!

எட்டாயிரத்தில் 34. டெல்டாவின் பாசனப் பங்கைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. குடிநீருக்கு ஆற்றில் எடுப்பது சொற்பம். அதை மேடேற்றி ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் மோட்டாருக்கும் குழாய்க்கும்தான் பணம் கரைகிறது. ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் இது.

அவ்வளவு செலவுக்கும் காரணம் ஓர் அற்ப அளவு: லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். குடிநீரில் ஃபுளோரைடு அதைத் தாண்டக் கூடாது. இங்கே பல ஊர்களின் ஆழ்குழாய்க் கிணறுகள் தாண்டிவிட்டன. பிள்ளைகளின் பற்களில் படிந்த பழுப்புக் கறையும் பெரியவர்களின் மூட்டுவலியும் அந்தத் தண்ணீர் தந்தவைதான்.

கணக்கு தப்பக் கூடாத இன்னோர் இடம் மேல்நிலைத் தொட்டி. ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நம்மூர் வழக்கம். முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். ஆபரேட்டர் அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறதென்றால் 60 கிராம் போதும். அதைக் கவனிக்காமல் முழு அளவையும் போட்டால் அன்றைக்குக் காபியிலும் குளோரின் வாடைதான்.

உங்கள் வீட்டு சம்ப் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியுமா? நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் பெருக்குங்கள், லிட்டர் கிடைத்துவிடும். கொத்தனார் சொன்ன அடிக் கணக்குத்தான் கையில் இருக்கிறதென்றால், ஆயிரத்துக்குப் பதில் 28.3. ஐந்தடி நீளம், நாலடி அகலம், ஐந்தடி ஆழம் என்றால் 2,830 லிட்டர். அடுத்த முறை டேங்கர் லாரி வரும்போது, எத்தனை லிட்டருக்குக் காசு கொடுக்கிறோம் என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.