பழஞ்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே காவல்

கோலாலம்பூரை 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த ஊரைச் செங்கல்லால் கட்டச் செய்தார் சிலாங்கூர் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம். அதற்காகச் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு மட்டும் 40 லட்சம் செங்கற்களும் 18,000 பிக்குல் எடைச் சுண்ணாம்பும் செலவாயின. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அந்தத் தலைமுறைச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றை எந்தச் சாந்தால் பழுதுபார்ப்பது?

சிமெண்ட் ஏன் ஆகாது?

பழைய செங்கல் மிருதுவானது, நீரை உறிஞ்சும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்த மண்ணில், தரையிலிருந்தும் ஈரம் சுவரேறும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சோ வழியை அடைக்கும். அப்போது ஈரம் செங்கல் வழியே வெளியேறும். அதனுடன் வரும் உப்பு, காயும்போது செங்கல்லின் நுண்துளைகளில் படிகமாகி நெருக்கும். செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். சாந்து உதிர்ந்தால் மறுபடி பூசலாம். 120 ஆண்டுச் செங்கல் உதிர்ந்தால் ஈடு கிடையாது.

சுண்ணாம்பு மழை தாங்குமா?

வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றின் கரியமில வாயுவை ஏற்று மெதுவாகவே கல்லாகும். அதற்குள் மாலை மழை அடித்தால் அரித்துவிடும். குறைந்த சூட்டில் வெந்த செங்கல்லின் தூளையோ, கட்டுப்படுத்திய சூட்டில் எரித்த உமிச் சாம்பலையோ கலந்தால், அவற்றின் சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். உமிக்குத் தொலைவு போகவேண்டாம். நெல் விளையும் செகிஞ்சான் இதே சிலாங்கூரில்தான். ஆனால் கலப்பு மிகுந்தால் சாந்து செங்கல்லைவிடக் கெட்டியாகும். பழைய கேடே திரும்பும். எனவே முதலில் பழைய சாந்தைச் சோதித்து, ஓரத்தில் சிறு பகுதியில் பூசிப் பார்க்க வேண்டும்.

கைப்பக்குவம்

கூரையும் மழைநீர்க் குழாயும் ஒழுகினால் எந்தச் சாந்தும் நிலைக்காது. முதல் வேலை அங்கே. பிறகு மூட்டுகளைக் கையுளியால் சுரண்டி, செங்கல்லை நனைத்து, உப்பில்லாத மணல் சேர்த்த சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். வெயிலுக்கு ஈரச் சாக்கு, மழைக்குத் தார்ப்பாய். அவசரமாகக் காய்ந்த சாந்து பொடியாகும்.

நாள் கெடு நெருக்கும் ஒப்பந்தத்தில் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. ஆகவே, கோயில் நிர்வாகமோ கடைவீட்டுக்காரரோ ஒப்பந்தத்திலேயே சுண்ணாம்புச் சாந்தையும் அது இறுகுவதற்கான நாட்களையும் எழுதிவிட வேண்டும்.