ராஜராஜனின் மாமன் வீடு

சனி, ஞாயிறோடு இன்னொரு விடுமுறையும் சேர்ந்துகொண்டால் சென்னைக் கார்கள் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே கிளம்பிவிடுகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம், மதுரை என்ற பட்டியல் மாறுவதே இல்லை. உளுந்தூர்பேட்டையைத் தாண்டும்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தையே கடந்துபோகிறோம் என்பது பலருக்கு உறைப்பதில்லை. வரலாறு என்றால் தலைநகரம், தலைநகரம் என்றால் பெரிய கோபுரம் என்று பழகிவிட்டோம். ஆனால், தலைநகரங்கள் பெரும்பாலும் வென்றவர் புகழையே பேசும். வேந்தருக்குப் பெண் கொடுத்தவர், அவரோடு மோதியவர், அரசாங்கத்தின் கண்ணில் படாமலே வாழ்ந்தவர் ஆகியோரின் கதைக்குப் பெண்ணையாற்றங்கரைக்கும் கல்வராயன் மலைக்கும்தான் வரவேண்டும்.

அசோகரின் இரண்டாம் பாறைச் சாசனம் சோழர், பாண்டியரோடு சத்தியபுத்திரரையும் குறிப்பிடுகிறது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1981-ல் திருக்கோவிலூர் அருகே ஜம்பைக் குன்றில் கண்டறியப்பட்ட தமிழி கல்வெட்டு அதற்கு விடை சொன்னது: ‘சதியபுதோ’ என்ற பட்டத்தோடு அங்கே இருந்தது அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர். தகடூர்க்காரரான அதியமான், மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை, அதாவது இந்தத் திருக்கோவிலூரை, வென்றதாகச் சங்கப் பாடல்கள் சொல்வதற்கும் இந்தக் கல் துணைநிற்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து அதே மலையமான் குலத்துப் பெண் வானவன் மாதேவி சுந்தர சோழருக்கு மனைவியாகி ராஜராஜனைப் பெற்றார். கணவர் இறந்தபோது அவர் உடன்கட்டை ஏறியதையும், சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்த பாறையையும் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டு பேசுகிறது. கபிலக்கல் இன்றும் ஆற்றுக்குள்தான் நிற்கிறது.

மேற்கே கல்வராயன் மலையில் கோபுரங்களைத் தேட வேண்டாம். ஜடயக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களாகப் பிரிந்துகிடந்த மலை இது. நாடு விடுதலையடைந்து கால் நூற்றாண்டுக்கு மேலான பிறகு, 1976-ல்தான் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு ஏன் இவ்வளவு தாமதமாகின என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, மலையில் அடிப்படை வசதிகள் இல்லாததைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. இதுவும் வரலாறுதான், ஈரம் காயாத வரலாறு.

குடும்பத்தோடு தங்க வசதி போதாது, பார்க்கும் இடங்கள் சிதறிக்கிடக்கின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் திருக்கோவிலூர், தியாகதுர்கம் கோட்டை, மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி, வெள்ளிமலை எல்லாம் மூன்று நாளுக்குள் அடங்கும் தூரமே. கூட்டம் சேர்ந்தால் மலை கெட்டுவிடும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஆனால் கூட்டம் ஏற்கெனவே மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் வந்துகொண்டிருக்கிறது. குளித்து, பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டுப் போகிறது. இடத்தின் கதை தெரியாதவருக்கு அது வெறும் குளியலறை. தெரிந்து வருபவர் உள்ளூர்க் கடையில் சாப்பிடுவார், மலைத்தேனையும் சாமையையும் வாங்குவார் என்று எதிர்பார்க்கவாவது இடமுண்டு. நுழைவிடத்திலேயே குப்பையைத் தடுப்பது நிர்வாகத்தின் வேலை.

தஞ்சையைக் கைவிடச் சொல்லவில்லை. மருமகன் கட்டிய பெரிய கோயிலுக்குப் போகுமுன் மாமன் வீட்டை எட்டிப் பார்த்தால், அந்தக் கோயிலை எழுப்பிய அதிகாரம் எந்த ஊர்களின் உறவிலும் பகையிலும் வளர்ந்தது என்பது விளங்கும்.