ழப்பு வேறு, உடும்பு வேறு

அரேபியப் பாலைநிலத்தில் வசந்தகாலம் வந்தால் சிலர் வாகனத்தோடு ஒரு பிராணியைத் தேடிப் புறப்படுவார்கள். அதன் பெயர் ‘ழப்பு’. வளையம் வளையமாக முட்கள் கொண்ட தடித்த வால். மண்ணில் ஆழமாகத் தோண்டிய வளை. பொந்துக்குள் தண்ணீர் ஊற்றி வெளியே வரவைப்பது பழைய முறை. சுட்டும் சாப்பிடுவார்கள், சோற்றோடு கப்ஸாவாகவும் ஆக்குவார்கள். வால் கொழுப்புக்குத் தனி மவுசு.

“சீ, இதையும் மனுசன் தின்பானா?” எண்டு நம்மில் பலர் முகம் சுளிப்போம். அது புதிய கேள்வியுமல்ல. மைமூனா (ரழி) அவர்களின் வீட்டில் சுட்ட ழப்பு பரிமாறப்பட்ட சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நஜ்திலிருந்து வந்த இறைச்சி அது. இன்னதென்று சொல்லப்பட்டதும் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரழி) கேட்டார். இல்லை, தம் சமூகத்தாரின் ஊரில் இது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்பதே பதில். காலித் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாபிஈ, மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகள் இதை ஆகும் என்கின்றன, ஹனபிகள் வெறுக்கிறார்கள்.

இனித்தான் நமது சிக்கல். தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் ழப்பு ‘உடும்பு’ ஆகிவிட்டது. வேறு சொல் கிடைக்கவில்லை போலும். ஆனால் ழப்பு ஓணான் குடும்பம். பெரும்பாலும் இலை, தழை, பூ தின்று வாழ்வது. தண்ணீர்கூட அதிகம் தேடாது. நம்மூர் உடும்போ நீண்ட கழுத்தும் பாம்பைப்போல் பிளந்த நாக்கும் உள்ள வேட்டைப் பிராணி. பூச்சி, முட்டை, சிறு உயிர்கள், செத்தது, எல்லாம் தின்னும். வாலில் முள்ளே கிடையாது. உடும்பு இனத்துக்கு அரபியில் ‘வரல்’ என்று தனிப் பெயர் உண்டு. 1405இல் மறைந்த ஷாபிஈ அறிஞர் தமீரீ, தமது விலங்குக் களஞ்சியமான ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில் இரண்டையும் வெவ்வேறு தலைப்புகளிலேயே எழுதினார்.

“நபியவர்களின் விரிப்பிலேயே உடும்பு இருந்திச்சே, நாம தின்டா என்ன?” எண்டு கேட்கிறவர் மொழிபெயர்ப்பாளரின் சொல்லைத்தான் ஆதாரமாக்குகிறார். இலை தின்னிக்குச் சொன்ன தீர்ப்பை ஊன் தின்னிக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. வரலின் சட்டத்தைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

உடும்பு இந்த நாட்டில் ருசிப்பண்டமாக இருந்தது உண்மை. 1681இல் வெளியான தன் நூலில் ரொபர்ட் நொக்ஸ், கபரகொயாவை இங்குள்ளோர் தின்பதில்லை, தலகொயாவை விரும்பித் தின்பார்கள் என்று எழுதியிருக்கிறார். தலகொயாதான் நமது உடும்பு. இன்று அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி, பிடித்தால் வழக்கு. அரேபிய ழப்பும் வேட்டையால் குறைந்து, அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

மொழிபெயர்ப்பில் எதைப் போடுவது? ‘முள்வால் பல்லி’ என்றால் இன்னொரு தலையிடி. பல்லியைப் பற்றி வேறு ஹதீஸ்கள் இருக்கின்றன. ‘ழப்பு’ என்றே எழுதி, ‘பாலைவனத்து முள்வால் ஓணான்’ என்று அடிக்குறிப்புப் போட்டால் போதும். ‘ஒட்டகம்’ போல நம்மிடம் பழஞ்சொல் இல்லாத பிராணிக்கு அரபிப் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்.