ஒரு சேலைக்கு உடம்பின் பற்று வரவு

ஆரணிப் பட்டுச் சேலையின் விலையில் பட்டுநூல், ஜரிகை, சாயம், கூலி எல்லாம் அடங்கும். தறியில் உட்காரும் உடம்புக்கும் ஒரு செலவு உண்டு. சேலை நீளம் 6.2 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், அங்குலத்துக்கு 60 ஊடை (குறுக்கு நூல்) என்று வைத்துக்கொண்டு அதைக் கூட்டிப் பார்ப்போம்.

அசைவு: 6.2 மீட்டர் என்பது 244 அங்குலம், ஊடை 14,640. ஒவ்வோர் ஊடைக்கும் காலால் ஒரு மிதி, நாடா ஓட ஓர் இழுப்பு, நூல் நெருங்க ஓர் அடி. மொத்தம் 43,920 அசைவுகள்.

எலும்பு: கைக்கு 27, பாதத்துக்கு 26. இரண்டு பக்கமும் சேர்த்தால் 106. உடம்பு முழுவதற்கும் 206தான். விரல்களை மடக்கும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. பெரும்பாலும் முன்கையிலிருந்து தசைநாண்கள் இழுக்கின்றன. விரல் உழைத்தால் முன்கை கடுப்பது அதனால்தான்.

நூல்: ஊடை நீளம் மட்டும் சுமார் 17.5 கிலோமீட்டர். தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடி, ஒவ்வொன்றும் நாளுக்கு 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது. ஓய்வில் இருக்கும் முடியைக் கழித்தாலும் தினம் 30 மீட்டர் தேறும். அந்த ஊடை நீளத்தை எட்டத் தலைக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும்.

சோறு: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி, 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளுக்கு 2,110 கிலோகலோரி, நடுத்தர உழைப்பு என்றால் 2,710. கூடுதல் 600, அரிசியில் சுமார் 170 கிராம். தசை அதில் கால் பங்கை வேலையாக்கினாலே அதிகம். மீதி 450 வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகச் சுமார் 580 கிலோகலோரி இழுக்கும். அந்த வெப்பம் முழுதும் வியர்வையில் போனால் முக்கால் லிட்டருக்குச் சற்று மேல்.

விரல்: பட்டின் ஒற்றை இழை 0.01 மில்லிமீட்டர் தடிமன். 40 சென்டிமீட்டர் தொலைவில் நல்ல கண் பிரித்தறிவது 0.1 மில்லிமீட்டர் இடைவெளியைத்தான். விரல் அதைவிடக் கெட்டி: 2013இல் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வில், 13 நானோமீட்டர் உயரச் சுருக்கங்களையும் வழவழப்பான பரப்பையும் தடவியே பிரித்தறிந்தார்கள்.

கண்: 10 வயதில் சுமார் 7 சென்டிமீட்டர் அருகிலும் தெளிவாகத் தெரியும். 40இல் அது 22 சென்டிமீட்டருக்கும், 50இல் 40க்கும் தள்ளிப்போகிறது. விழிவில்லை இறுகுவதால் வரும் வெள்ளெழுத்து இது. தறி ஏறாதவருக்கும் வரும்.

சோற்றையும் தண்ணீரையும் மறுநாளுக்குள் ஈடுகட்டிவிடலாம். இறுகிய வில்லையை எந்தச் சாப்பாடும் இளக்காது, கண்ணாடிதான் வழி. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது தாண்டிய 751 பேரிடம் நடந்த சோதனை 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலை, பெறாதவர்களைவிடக் கிட்டத்தட்ட 22 சதவீதப் புள்ளி கூடுதலாக உயர்ந்தது. தேயிலைக் கொழுந்துக்கே அவ்வளவு என்றால், அறுந்த பாவிழையை (நெடுக்கு நூலை)த் தேடிப் பிணைப்பவருக்குக் கண்ணாடியைச் செலவில் எழுதக் கூடாது. நூலோடும் ஜரிகையோடும் முதல் கணக்கில் எழுத வேண்டும்.