ரெக்கார்டு நோட்டில் இல்லாத ரீடிங்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரின் பெரிய வீடுகளில் முகப்பு, பட்டாலை, வளவு என்று எங்கே நின்று அண்ணாந்தாலும் கூரை எட்டாத உயரத்தில் இருக்கும். பர்மாத் தேக்கு உத்தரத்தில் ஊஞ்சலுக்காக அடித்த இரும்பு வளையம் தொங்கும். பதினோராம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆய்வகம் அமைவது கடினம். அந்த வளையத்தில் நான்கு மீட்டர் நூலைக் கட்டி, முனையில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டால், பள்ளிக்கூடத்து மேசைமேல் தெரியாத ஒன்று இங்கே தெரிந்துவிடும்.

தனி ஊசல் சோதனையைச் செய்யாமல் யாரும் பிளஸ் ஒன் தாண்ட முடியாது. தாங்கியில் நூல், நூலில் உலோகக் குண்டு, கையில் ஸ்டாப்வாட்ச். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் ஊசலை ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, நீளத்தை மாற்றி மாற்றி அட்டவணையை நிரப்பிக் கடைசியில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். ஆகவே பல மாணவர்கள் கீழிருந்து மேலே போகிறார்கள்: முதலில் 9.8, பிறகு அதற்குத் தோதான நேரங்கள். வகுப்பில் இதற்கு ‘ரீடிங் போடுவது’ என்று பெயர். போன வருடத்து அண்ணன் அக்காக்களின் ரெக்கார்டு நோட்டு கையில் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

உண்மையில் பள்ளத்தூரில் விடை 9.8 அல்ல. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் நடுவில் சற்றுப் பருத்தும் இருக்கிறது, அதோடு சுழலவும் செய்கிறது. அதனால் துருவத்தில் 9.83 ஆக இருக்கும் ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78 ஆகக் குறைகிறது. லண்டனில் 9.81. வடக்கே பத்துப் பாகை அகலாங்கில் இருக்கும் காரைக்குடி வட்டாரத்தில் 9.78. ஒரு மீட்டர் ஊசலால் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. இருபது அலைவுக்கு 40 வினாடிதான் ஆகும். பொத்தானை அழுத்தும் விரல் 0.2 வினாடி பிந்தினாலே விடை 0.1 அளவுக்கு ஆடிவிடும். 9.7 வந்தாலும் சரி, 9.9 வந்தாலும் சரி, மாணவர் பொய் சொல்லவில்லை. கருவியின் யோக்கியதை அவ்வளவுதான்.

நான்கு மீட்டர் ஊசல் அப்படியல்ல. ஓர் அலைவுக்கே நான்கு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். நூறு அலைவுகளை எண்ணினால் லண்டனில் 401.2 வினாடி, பள்ளத்தூரில் 401.8. இடைவெளி 0.6 வினாடி. விரலின் பிழையைவிட இது பெரியது என்பதால் தென்பட்டுவிடும். நீளத்தை வளையத்திலிருந்து எடைக்கல்லின் நடுப்பகுதிவரை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் துல்லியமாக அளக்க வேண்டும், கல்லை ஒரு சாணுக்குமேல் இழுத்து விடக் கூடாது, பக்கவாட்டில் சுற்றவிடக் கூடாது. இவை எல்லாவற்றையும்விடச் சிரமமானது, வளவில் கல்லைக் கட்டித் தொங்கவிட ஆச்சியிடம் அனுமதி வாங்குவது.

இது விளையாட்டுக் கணக்கல்ல. 1672-இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் ஊருக்குப் போன ஜான் ரிஷே, தன் ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். கடிகாரம் பழுது என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஊசலின் நீளத்தைக் குறைத்து, எவ்வளவு குறைத்தார் என்பதைக் குறித்து வைத்தார். பூமி நடுவில் பருத்தது என்று நியூட்டன் வாதாடியபோது இந்தக் குறிப்பு அவருக்குச் சாட்சியாக வந்தது. நம் பக்கத்திலும் 1821-இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசலை ஆடவிட்டு அளந்திருக்கிறார்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘ப்ராஜெக்ட்’ வீட்டுக்கு வீடு புழங்கும் வார்த்தையானது 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்த பிறகு. எழுத்துத் தேர்வுக்கு 60 மதிப்பெண், வளரறி மதிப்பீட்டுக்கு 40. அதில் பாதி செயல்பாடுகளுக்கு. நோக்கம் நல்லதுதான். ஆனால் பள்ளிவாசல் ஸ்டேஷனரிக் கடைகளில் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் விற்றுத் தீர்ந்த அளவுக்கு வகுப்பில் அளவுகோலும் தராசும் வெளியே வந்ததாகச் சொல்ல முடியாது. ஊசிக்குழல்களை வைத்துச் செய்த நீரியல் தூக்கி எல்லாக் கண்காட்சியிலும் உண்டு. அது எத்தனை கிராம் தூக்கும், எவ்வளவு அழுத்தினால் தூக்கும் என்று கேட்டால் அருகில் நிற்கும் பிள்ளை விழிக்கும். மேலே போனால் பிளஸ் டூவில் எழுத்துத் தேர்வுக்கு 70. செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30. அந்த முப்பதை வாங்க ரெக்கார்டு நோட்டு சுத்தமாக இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிளஸ் டூ செய்முறைப் பட்டியலில் நிறமாலைமானியை வைத்து முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் சோதனை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் சி.வி. ராமன் மாணவராக இருந்தபோது செய்துகொண்டிருந்ததும் இதே அளவீட்டைத்தான். ஒளி மிகவும் சாய்வாக விழுந்தபோது, இருபுறமும் சமமில்லாத பட்டைகள் தெரிந்தன. கேட்ட கோணத்தை எழுதிவிட்டு எழுந்து போகாமல் அந்தப் பட்டைகளை அவர் அளந்தார். 1906-இல் லண்டனின் ‘ஃபிலசாஃபிக்கல் மேகஸின்’ இதழில் வந்த அவருடைய முதல் கட்டுரை அதைப் பற்றியதுதான். அப்போது வயது பதினெட்டு.

சமீபத்திய உதாரணத்துக்குத் திருமங்கலம் போகலாம். நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் பங்களிப்பில் ‘ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா’ நிறுவனம் ஒருங்கிணைத்த ‘ஆசாதிசாட்’ செயற்கைக்கோளில் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளின் கைவேலையும் இருந்தது. எட்டுக் கிலோ எடை. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் அதைச் சுமந்து புறப்பட்டது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றியிருக்க வேண்டும். ஆனால் ராக்கெட் அதை 356-க்கு 76 என்ற நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று இருக்கிறது, அது இழுத்துக் கீழே தள்ளிவிடும். செயற்கைக்கோள் கைவிட்டுப் போயிற்று. ஆசாதிசாட்-2 அடுத்த பிப்ரவரி 10 அன்று சரியான பாதையைப் பிடித்தது. வேகம் சிறிது குறைந்தால் சுற்றுப்பாதை எப்படி மாறும் என்பதற்கு முதல் தோல்வியைவிட நல்ல வீட்டுப்பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. வெற்றிச் செய்தி அளவுக்கு அது வகுப்புகளில் பேசப்பட்டிருக்க வேண்டும்.

ராக்கெட் வரைக்கும் போக வசதியில்லாத பள்ளிக்கும் வழி உண்டு. பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் காரைக்குடி சிக்ரி வந்துவிடும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. 2017 முதல் ‘ஜிக்யாசா’ திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் காட்டுகிறார்கள். உலோகம் அரிப்பது அங்கே பெரிய ஆராய்ச்சி. கடல்காற்றில் இரும்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள்.

அதே ஆராய்ச்சியின் சின்ன வடிவத்துக்கு நான்கு கண்ணாடித் தம்ளர்கள் போதும். ஊருணித் தண்ணீர், போர் தண்ணீர், மழைத் தண்ணீர், உப்புக் கரைசல். ஒவ்வொன்றிலும் எடைபோட்ட ஓர் இரும்பு ஆணி. உப்புக் கரைசலிலேயே செம்புக் கம்பி சுற்றிய இன்னோர் ஆணியையும் தனித் தம்ளரில் வைத்தால், இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் எது முதலில் கரையும் என்பதும் தெரிந்துவிடும். குறையும் எடை மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும் என்பதால் வீட்டுத் தராசு உதவாது. காரைக்குடி நகைக்கடைகளில் இருக்கும் மின்னணுத் தராசு வேண்டும். மாதம் ஒருமுறை ஆணியை எடுத்துத் துருவைச் சுரண்டி, உலர்த்தி, எடைபோட்டுக் குறிக்க வேண்டும். ஊருணித் தண்ணீரில் எவ்வளவு குறையும் என்று எந்த ரெக்கார்டு நோட்டிலும் எழுதியிருக்காது. மூன்று மாதமாவது பிடிக்கும் என்பதால், ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து ஒட்டிக் கொடுக்கவும் முடியாது.