பாட்டைக் கேட்டுத் தேட வேண்டிய பறவை

சிங்கப்பூரில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். கூண்டில்லாமல் பார்க்கக்கூடிய ஓர் அரிய பறவையும் அங்கே இருக்கிறது.

ஆங்கிலத்தில் அதன் பெயர் ஸ்ட்ரா ஹெடட் புல்புல். நம் ஊர்ச் சின்னானின் இனம்தான். ஆனால் மைனாவைவிடப் பெரியது. ஏறத்தாழ 28 செ.மீ. நீளம். வைக்கோல் நிறத் தலை, கண்ணருகே ஒரு கறுப்புக் கோடு, மீசைபோல இன்னொரு கோடு, வெள்ளைத் தொண்டை, மார்பில் வெள்ளைக் கீற்றுகள்.

இத்தனை அடையாளம் இருந்தும் அடர்ந்த இலைகளுக்குள் கண்ணுக்குச் சட்டென்று சிக்காது. காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். தண்ணீர் கொப்பளித்து வருவதுபோல உரத்த, இனிமையான குரல். பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். ஒன்று தொடங்க மற்றது சேர்ந்துகொள்ளும்.

அந்தக் குரலே அதற்கு வினையாகிவிட்டது. இந்தோனேசியாவில் பாடும் பறவைகளைக் கூண்டில் வளர்ப்பதும் போட்டிக்கு விடுவதும் பெரிய மோகம். நல்ல விலை கிடைப்பதால் காடுகாடாகப் பிடித்துத் தீர்த்தார்கள். தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் அற்றுப்போய்விட்டது என்றே கருதப்படுகிறது. 2018இல் மிக மோசமாக அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். எஞ்சியிருப்பவற்றில் கணிசமான பங்கு சின்னஞ்சிறு சிங்கப்பூரில்தான் வாழ்கிறது.

பார்க்க நல்ல இடம் உபின் தீவு. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். பத்து நிமிடப் பயணம். சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் நேரம் சரியாக இருக்கும். வெயில் ஏறினால் பாட்டு குறைந்துவிடும். பழைய தோட்டங்கள், காட்டோரப் பாதைகள், நீர்நிலைகளை ஒட்டிய மரங்கள் இவற்றின் அருகே பேச்சை நிறுத்திவிட்டு நில்லுங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் சிரமம்! குரல் வந்த திசையில் கிளை அசைகிறதா என்று முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள், பைனாகுலர் அப்புறம். அங்கே சாதாரணமாகத் திரியும் சிறிய சின்னானின் வால் அடியில் மஞ்சள் இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கைப்பேசியில் அதன் பாட்டைப் போட்டு வரவழைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அது ஓடி வரும். குரல் காட்டி வரவழைப்பது பறவை பிடிப்பவர்களின் பழைய தந்திரம். கூட்டைக் கண்டால் இடத்தைக் குறிப்பிட்டுப் படம் போடுவதும் வேண்டாம்.